கரையேறிய மகாராணி

மகாராணி என்று பெயர் வைத்தது அவளுடைய அப்பா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டியோடு கப்பலேறி வந்தவர். மரம் வெட்ட ஆள் வேண்டும் என்று கொடைக்கானல் மலையில், கூக்காலுக்கு மேலே, கூலியாட்களின் வரிசை வீடான ஒரு லயத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த லயத்தில்தான் இவள் பிறந்தாள். மரப்பட்டை உரித்தாள், கேரட் கழுவினாள், இப்போது ஏரிக்கரையில் மலைப்பூண்டுத் தோட்டத்தில் கூலி. எங்கள் தொழிலாளர் சங்கம் இருந்த காலத்தில் கூட்டத்துக்கு வருவாள், பின்வரிசையில் உட்காருவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். இப்போது சங்கமும் இல்லை. அவளைப் பற்றி என்னை எழுத வைத்தது ஒரு சினிமா.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு படக் கம்பெனி கூக்காலுக்கு வந்தது. வேற்றுக் கிரகம் காட்ட எங்கள் பனிமூட்டம் பொருத்தமாம். ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, உள்ளே வட்டமாகக் கம்பம் நட்டு, கம்பம் முழுக்கக் கேமரா பொருத்தினார்கள். உள்ளே நிற்கிற ஆளின் முகத்தையும் அசைவையும் கம்ப்யூட்டரில் பிரதி எடுப்பார்களாம். மெலிந்த உடம்பாக ஒரு ஆண், ஒரு பெண் வேண்டும் என்றார்கள். அதே தோட்டத்தில் கூலிக்குப் போகிற மணியனும் மகாராணியும் போனார்கள். நட, ஓடு, விழு என்றார்கள். நடந்தார்கள், ஓடினார்கள், மெத்தையில் விழுந்தார்கள். ஒரு நாள் கூலியும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். துண்டறிக்கை அடித்தால்கூட எத்தனை பிரதி என்று அடியில் போடுவோம். மனித உடம்பைப் பிரதி எடுத்தவர்கள் அதைச் சொல்லவில்லை.

பிறகு டிரெய்லர் வந்தது. லயம் முழுக்க ஒரே கைப்பேசியைச் சுற்றி நின்று பார்த்தது. கழுத்தில் செவுள் வைத்த, பச்சைத் தோல் மனிதன் ஒருவனை மலை உயரத்துக்கு எழும்பிய அலை விழுங்குகிறது. முகம் மணியன் முகம். விசில் அடித்தார்கள். மணியனுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் மணியன் ஏரியில் செத்தான். ஏரித் தண்ணீரைத் தோட்டத்துக்கு இறைக்கிற மோட்டார் குழாயின் வாயில் பாசி அடைத்துக்கொண்டது. காலையில், எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனியில், அதை எடுக்க இறங்கினான். பனி விலகியபோது துண்டு மட்டும் கரையில் இருந்தது.

"படத்துல போன மாதிரியே போய்ட்டான்" என்று யாரோ சொன்னார்கள். மாலைக்குள் அது ஊர்ப் பேச்சானது. படம் வெளிவந்து, கொடைக்கானலில் வேலை பார்க்கும் பையன்கள் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மகாராணியும் படத்தில் இருக்கிறாள் என்றார்கள். "நான் என்ன ஆவுறேன்?" என்று அவள் கேட்டால் பேச்சை மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் நின்று பூண்டு பிடுங்க ஆள் இல்லை. குடத்தோடு அவள் வந்தால் குழாயடி காலியாகும். கங்காணி கதிர்வேல், "நீ கொஞ்ச நாளைக்கு வராத மகாராணி, பொம்பளைக பயப்படுதுக" என்று நிறுத்திவிட்டார். அவளும் ஏரிப் பக்கம் போவதை விட்டாள். வாளித் தண்ணீரில் குனிந்து முகம் கழுவக்கூடப் பயந்தாள். அவளுடைய புருஷன் நல்லையாதான் சொம்பில் மொண்டு ஊற்றினார்.

ஒரு நாள் என் வீட்டு வாசலில் இருவரும் வந்து நின்றார்கள்.

"தோழர், அந்தப் படத்தப் பாக்கணும். கூட்டிட்டுப் போறீங்களா?"

"வேண்டாம்னு சொல்லுங்க தோழர்" என்றார் நல்லையா. "தன் சாவத் தானே போய்ப் பாக்குற பொம்பள எங்கயாச்சும் உண்டா?"

"எப்படிச் சாவுறேன்னு தெரிஞ்சா அந்தப் பக்கம் போகாம இருந்துக்கலாம்ல?" என்றாள் அவள். "தெரியாமத்தான் எல்லாப் பக்கமும் பயந்து கெடக்கேன்."

இதில் பேய் இல்லை, பிசாசு இல்லை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "அப்ப எப்பப் போவோம்?" என்றாள்.

பூண்டு வியாபாரி ஜுபைர் வாரம் ஒரு முறை வடுகபட்டிச் சந்தைக்கு வேன் ஓட்டுவார். அவரிடம் கேட்டோம். நல்லையா வரவில்லை. நாங்கள் மூவரும் அடுக்கம் மலைப்பாதை வழியாக இறங்கினோம். வழி முழுக்க ஜுபைர் கதை சொன்னார். படத்தை ஏற்கெனவே பார்த்தவர்.

"கதைன்னு ஒண்ணத் தேடாதீங்க தோழரே. ஹீரோ தண்ணிக்குள்ள நின்னு வசனம் பேசுவான், ஒரு குமிழி வராது. கிரகம் வெடிக்கப் போவுது, அப்பப் போய் டூயட்டு. வில்லன் சிரிக்கிற நேரத்துல நம்ம ரெண்டு மூடை எறக்கிறலாம்."

"அப்பறம் எதுக்குப் பாய் மறுபடியும் வர்றீங்க?" என்று கேட்டேன்.

"பாத்தா தெரியும். கண்ணு பத்தாது."

"நான் எப்படிப் போறேன், தம்பி?" என்றாள் மகாராணி, வெளியே பார்த்தபடி.

ஜுபைர் கியரை மாற்றினார். "பாத்துக்கங்க அக்கா. நான் சொன்னா தப்பாயிரும்" என்றார்.

பெரியகுளத்தில் பகல் காட்சி. கூட்டம் குறைவு. ஜுபைர் சொன்னது அத்தனையும் உண்மை. கதை இற்றுப்போன சாக்கு. ஆனால் வானத்தில் இரண்டு சூரியன் உதிக்கிறது. மலை அளவு ஜெல்லி மீன்கள் மேகத்துக்கு நடுவே மெதுவாக மிதக்கின்றன, அவற்றின் வயிற்றுக்குள் விளக்கு எரிகிற ஊர்கள். மழை கீழிருந்து மேலே பெய்கிறது. முதலாளி போட்ட பணம்தான், கூலியாள் உழைப்புதான், எல்லாம் தெரியும். தெரிந்தும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

பனி விலகி, அந்தக் கிரகத்துப் படை வந்தது. ஆயிரக்கணக்கில் வந்தது. கூடை சுமந்து சுமந்து இடது தோள் இறங்கின நடை. அத்தனை பேரும் அந்த நடை. அத்தனை முகமும் இரண்டே முகம்: மணியன் முகம், மகாராணி முகம்.

"யாத்தே" என்றாள் மகாராணி. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

சண்டை தொடங்கியது. ஒரு மகாராணியைப் பறக்கும் மிருகம் கவ்வியது. ஒருத்தி நெருப்பில் போனாள். ஒருத்தி பாலத்தோடு விழுந்தாள். பத்துப் பேரை ஒரு சக்கரம் நசுக்கியது. ஒவ்வொன்றுக்கும் என் பக்கத்தில் இருந்தவள் உடம்பு ஒரு முறை துள்ளியது. கூட்டிவந்தது பிசகோ என்று நினைத்தேன். எழுந்துவிடலாமா என்று கேட்டேன். கையால் அடக்கினாள்.

இடைவேளை தாண்டியதும் அவள் தொனி மாறியது.

"ஏய், அங்கயும் நான்! தம்பி, அந்தா கூரை மேல! ஈட்டி எறியுறேன் பாருங்க!"

"பாத்தேன் அக்கா, குறி தப்பிருச்சு."

"பின்ன? பூண்டு புடுங்குறவ கையில ஈட்டியக் குடுத்தா?"

முன்வரிசையில் யாரோ "உஸ்" என்றார்கள். டூயட் வந்தபோது, "இந்தப் பாட்ட யாரு கேட்டா? வெரசா முடிங்கடா, அங்க சனம் சாவுது" என்றாள். உண்மையிலேயே படத்தை ரசித்தாள்.

கடைசியில் அந்த அலை வந்தது. கிரகத்துக் கடல் முழுவதும் எழுந்து நின்றது. இசையை நிறுத்திவிட்டார்கள். ஓசையே இல்லாமல் ஆயிரம் மகாராணியும் ஆயிரம் மணியனும் உள்ளே போனார்கள். டிரெய்லரில் பார்த்தது இதுதான்.

தண்ணீர் வடிந்தது. பாறையில் கொஞ்சம் பேர் கரையேறினார்கள். அதில் ஒருத்தி இவள். பக்கத்தில் மணியன், உயிரோடு, இருமிக்கொண்டு. அந்தப் பச்சை மகாராணி நிமிர்ந்தாள். தலையை மெல்லத் திருப்பி, திரைக்கு வெளியே, எங்கள் வரிசையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். காட்சி மாறிவிட்டது.

"நான் திரும்பவே இல்லைங்க தோழர்" என்றாள் மகாராணி, குரல் இறங்கி. "அந்தக் கூடாரத்துல திரும்பச் சொல்லவே இல்ல. வாயும் தெறக்கல."

"கம்ப்யூட்டர்ல பண்ணியிருப்பாங்க அக்கா" என்றார் ஜுபைர்.

"இருக்கும். யாரப் பாத்தா அவ?"



படம் முடிந்து மலை ஏறினோம். அடுக்கம் தாண்டியதும் பனி வேனை மூடியது. அப்போது மகாராணி சொன்னாள்.

"எத்தனையோ விதமாச் செத்துட்டேன். அதுல எது எனக்குன்னு எப்படிக் கண்டுக்கிறது? மணியனும் அங்க கரையேறிட்டான். இங்க ஏறல. அப்ப அவனக் கொன்னது படம் இல்ல."

"அதத்தான நான் அன்னைக்கே சொன்னேன்" என்றேன்.

"நீங்க பேய் இல்லன்னு சொன்னீங்க. யாருன்னு சொல்லலையே. அந்தப் பனியில, ஒத்த ஆளா, கயிறு இல்லாம, அவன எறங்கச் சொன்னது யாரு?"

ஊரில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. படம் பலி வாங்கிவிட்டது என்று சொல்லிவிட்டால் தோட்ட முதலாளி பதில் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் வெள்ளனே ஏரிக்கரைக்குப் போனாள். அவள் வற்புறுத்தியதால் நல்லையாவும் நானும் போனோம். பெண்கள் விலகி நின்றார்கள். கதிர்வேல் ஓடி வந்தார்.

"ஒன்னைய வரச் சொன்னது யாரு?"

"படம் பாத்துட்டேன் கங்காணி. நான் சாவல. மணியனும் சாவல. ரெண்டு பேரும் கரையேறிட்டோம். நம்பலன்னா பாய்ட்ட கேளுங்க."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாப்பம்மாள் என்கிற பெண் முதலில் கூடையை நகர்த்தி இடம் விட்டாள்.

அன்றும் குழாயில் பாசி. மோட்டார் இருமி நின்றது. தண்ணீர் தெரியாத அளவு பனி. கதிர்வேல் ஒருவனைக் கைகாட்டி, "ஏலே, எறங்கி எடு" என்றார். அவன் சட்டையைக் கழற்றினான்.

"போடுறா சட்டைய" என்றாள் மகாராணி. அந்தக் குரலை நான் கூட்டத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. "கயிறு வரட்டும். பனி விலகட்டும். ரெண்டு ஆளு கரையில நிக்கட்டும். இல்லன்னா மோட்டாரு கெடக்கட்டும்."

"பயிரு காஞ்சா நீ குடுப்பியா?"

"மணியன நீங்க திருப்பிக் குடுத்தீங்களா?"

பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையைக் கீழே வைத்தார்கள். கயிறு எடுக்கக் கதிர்வேல் மேட்டில் ஏறினார்.

நாங்கள் காத்திருந்தோம். மோட்டார் சத்தம் இல்லாத ஏரியை நெடுநாளாகக் கேட்டதில்லை. பனிக்குள் எங்கோ யாரோ கரையேறுவது போல ஒரு நீர்ச் சத்தம். மீனாக இருக்கும் என்றேன். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மகாராணி மட்டும் தண்ணீர் விளிம்புவரை போய், திரையில் கரையேறியவள் எங்களைப் பார்த்த மாதிரியே, பனியைப் பார்த்து நின்றாள்.