கணவரின் சட்டையில் ஒட்டியிருந்த முடி

போன வருடம் ஐப்பசி மழை ஆரம்பித்த சமயம். மந்தைவெளியில் எங்கள் வீட்டில் துவைக்கத் துணி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவரின் சட்டைக் காலரில் நீளமாக ஒரு முடி ஒட்டியிருந்தது. என் முடி தோளைத் தாண்டாது. இது முழங்கை நீளம் இருந்தது. கன்னங்கரேல் என்று, வழவழவென்று. சாயம் போட்ட முடியோ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. ஒரு காகிதத்தில் மடித்து பீரோவில் என் புடவைக்கு அடியில் வைத்தேன். அதை ஏன் பத்திரப்படுத்தினேன் என்று கேட்டால், சந்தேகம் வந்த பெண்ணுக்குத்தான் அது புரியும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகூட, எங்கோ யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வரும், ஓடுவார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அந்த முடியைப் பார்த்த பிறகுதான், கொஞ்ச நாளாகத் தவறாமல் ஒவ்வொரு ஞாயிறும் பதினோரு மணிக்கு யாராவது மாட்டிக்கொள்வது எப்படி என்று உறைத்தது.

அப்புறம் கண்ணில் பட்டதெல்லாம் அதே திசையைத்தான் காட்டியது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் ஏதோ வீடியோ பார்ப்பார், நான் பக்கத்தில் போனால் கவிழ்த்து வைப்பார். அவர் கையில் எப்போதும் கிரீஸ் வாசனைதான் வரும், இப்போது கற்றாழை மாதிரி ஏதோ வாசனை. ஒரு நாள் டூல்ஸ் பையைத் திறந்து பார்த்தேன். ஸ்பேனருக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் நடுவில், கவரில் சுற்றி, மெரூன் கலரில் சாட்டின் துணி. யாருக்கு இந்தத் துணி? தீபாவளிக்குக்கூட எனக்குத் தானாக ஒரு கர்ச்சீப் வாங்கி வராத மனுஷர் அவர்.

வேலூரில் இருக்கும் என் தங்கையிடம் போனில் சொல்லி அழுதேன். "அவசரப்பட்டு கேட்டுடாத. கையும் களவுமா புடி"ன்னாள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில் இன்னொரு விஷயமும் என்னை உறுத்தியது. நாலாவது படிக்கும் எங்கள் மகள் அவரோடு ஏதோ குசுகுசுவென்று பேசுவாள். நான் வந்தால் இரண்டு பேரும் நிறுத்திவிடுவார்கள். குழந்தையையும் கூட்டு சேர்த்துக்கொண்டாரா என்று கொதித்தேன்.

மகளுக்கு அவருடைய முடி. சாதாரண சுருட்டை இல்லை. ஸ்ப்ரிங் மாதிரி சுருண்டு, அடர்த்தியாக, கழுவினால் ஒரு குடையளவுக்கு எழும்பி நிற்கும். ஸ்கூலில் ரெட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் வைத்து மடித்துக் கட்ட வேண்டும். தினமும் காலையில் குக்கர் ஒரு பக்கம், இவள் தலை ஒரு பக்கம். எட்டரைக்குள் நான் அடையாறில் மெடிக்கல் ஷாப்பைத் திறக்க வேண்டும். எண்ணெயை ஊற்றி, உச்சியிலிருந்து இழுத்து வாருவேன். அசைந்தால் சீப்பாலேயே ஒரு தட்டு. சீப்பில் பல் உடையும். இரண்டு நெற்றிப் பொட்டிலும் முடி விலகி மண்டை தெரிய ஆரம்பித்திருந்தது. பொங்கல் லீவில் பார்லருக்குக் கூட்டிப் போய் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துவிடுவது என்று முடிவு செய்து சொல்லியும் வைத்துவிட்டேன். "சின்னப் புள்ள, கெமிக்கல் வேணாமே" என்றார் அவர். "அப்ப நீங்க வாரி விடுங்க" என்று கத்தினேன். அதோடு பேச்சு நின்றது.

அந்த ஞாயிறும் பதினோரு மணிக்குக் கிளம்பினார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் ஆட்டோ பிடித்தேன். "அந்த நீல ஹெல்மெட் பின்னாடியே போங்க"ன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்.

"வூட்டுக்காரராக்கா? அழுவாத. வுட மாட்டேன், நீ கெட்டியா புடிச்சிக்கினு குந்து."

லஸ், ராயப்பேட்டை தாண்டி, வண்டி திருவல்லிக்கேணிக்குள் நுழைந்தது. மசூதிக்குப் பின்னால் ஒரு குறுகலான தெரு. அவர் பைக்கை நிறுத்தி, ஒரு பழைய வீட்டின் மாடிப்படியில் ஏறினார். ரொம்ப நாள் பழகின இடம் மாதிரி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஏறினார். மேலே ஒரு பொம்பளை சிரிக்கிற சத்தம் கேட்டது.

கீழேயே கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட இருந்தது. அப்புறம் என்ன ஆனதோ, படியில் ஏறும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பெண்ணை என்னென்ன சொல்லக் கூடாதோ அத்தனையும் சொன்னேன். குடும்பத்தைக் கெடுக்கிறவள் என்றேன். அதைவிட மோசமான வார்த்தையும் சொன்னேன். எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கீழே இட்லிக் கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு சின்ன அறை. சுவரில் பெரிய கண்ணாடி. நாலைந்து பெண்கள், இரண்டு சிறுமிகள். ஸ்டூலில் என் கணவர். அவருக்கு முன்னால் மேஜையில் செருகின ஒரு பொம்மைத் தலை, நீளமான கறுப்புச் செயற்கை முடியோடு. பாதி மண்டைக்கு வரிவரியாகப் பின்னியிருந்தது. மீதி அவர் விரலில் இருந்தது. கையை எடுக்கத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண்மணி, தலையில் முக்காட்டைச் சரி செய்துகொண்டு எழுந்து வந்தார். அவர் குரல் உயரவே இல்லை.

"சுருட்டை முடி பின்னக் கத்துக் குடுக்கிறேம்மா. பெங்களூர் பார்லர்ல வேலை செஞ்சப்ப, அங்க படிக்க வந்த ஆப்பிரிக்காப் பொண்ணுங்ககிட்ட கத்துக்கிட்டது. உங்க வீட்டுக்காரர் மூணு மாசமா வர்றார். உங்க பொண்ணையும் ஒரு நாள் ஸ்கூல் விட்டதும் கூட்டிட்டு வந்தார்." மேஜையிலிருந்த சீப்பைக் காட்டினார். "நான் சீப்பை எடுத்ததும் அந்தக் குழந்தை ரெண்டு கையாலயும் காதை மூடிக்கிச்சு. அடி விழும்னு."

எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. படியிறங்கி வந்து ஆட்டோவில் உட்கார்ந்தேன். ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பினார்.

சாயங்காலம் என் கணவரிடம், ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"சொன்னா, 'அப்ப நான் வாரறது தப்பா'ன்னு நீ கேப்ப. ஆமான்னு சொல்ல தைரியம் இல்ல. பாப்பா என்கிட்ட, நீ வாருப்பா, அம்மா வேணாம்னு சொல்லுச்சு. அதை எப்படி உன்கிட்ட சொல்லுவேன்?"

தன் முடியை அவர் எப்போதும் ஒட்ட வெட்டிக்கொள்வார். வேலைக்கு வசதி என்று நினைத்திருந்தேன். சின்ன வயதில் ஸ்கூலில் கூடப் படித்தவர்கள் அவர் தலையில் பென்சிலைச் செருகிச் செருகி விளையாடுவார்களாம். அன்றுதான் அதையும் சொன்னார். சாட்டின் துணி மகளின் தலையணை உறைக்கு. பருத்தி உறையில் உரசி முடி உடைகிறதாம். கற்றாழை வாசனை, தலைக்குப் போடுகிற ஜெல்.

மகளை முற்றத்தில் உட்கார வைத்து அவர் பின்னியதை அன்று முதல் தடவையாகப் பார்த்தேன். முடியை நனைத்து, எட்டுப் பாகமாகப் பிரித்து கிளிப் போட்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்து, வேரை இழுக்காமல் பின்னினார். இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு பக்கம் கோணல். ஆனால் அவள் ஒரு தடவைகூட அழவில்லை. பாதியில் தூங்கியே போய்விட்டாள். ஒரு தடவை பின்னினால் ஒரு வாரம் அவிழ்க்க வேண்டாம். நுனியில் ரிப்பன் கட்டினால் ஸ்கூலுக்கும் சரியாகிவிட்டது. பொங்கல் பார்லரை ரத்து செய்தேன்.

ஆனால் அந்தப் பெண்மணிக்கு நான் செய்தது ரத்தாகவில்லை. ஆம்பளைகள் வந்து போகிற இடம் என்று தெருவில் பேச்சு கிளம்பி, வீட்டு ஓனர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இரண்டு குடும்பங்கள் பெண்களை அனுப்புவதை நிறுத்திவிட்டன. என் கணவர் இதைச் சொன்னபோது தட்டை அப்படியே ஒதுக்கி வைத்தேன். ஒரு வாரம் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, அடுத்த ஞாயிறு மூன்று பேருமாகப் போனோம். முதலில் எதிர் வீட்டிலும் கீழே இட்லிக் கடையிலும், வீட்டு ஓனரிடமும், "அன்னிக்குக் கத்துனது நான்தான். தப்பு என்னுது. என் பொண்ணுக்காகத்தான் இவர் இங்க வர்றார்" என்று சொன்னேன். எதிர் வீட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மேலே போய் அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. "நீங்க சொன்ன வார்த்தை என் பொண்ணு காதுலயும் விழுந்துச்சு"ன்னார். அப்புறம் வாசல் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, ஒரு சீப்பை எடுத்து நீட்டினார். "உக்காருங்க. நுனியில ஆரம்பிங்க."

மகள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். தோள் இரண்டும் இறுகியிருந்தன. அது தளர எனக்கு நாலைந்து ஞாயிறு பிடித்தது. நெற்றிப் பொட்டில் முடி முளைக்க அதைவிட நாளானது. பூனை முடி மாதிரி முதலில் வந்து, இப்போது சுருள ஆரம்பித்திருக்கிறது. நிறுத்திய இரண்டு குடும்பங்களில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. இன்னொன்று இன்னும் வரவில்லை.

இரண்டு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என் கணவரைக் கவனித்த எனக்கு, தினமும் காலையில் என் கைக்குள்ளேயே உட்கார்ந்திருந்த குழந்தையின் பயம் கண்ணில் படவே இல்லை என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு என் மேல்தான் சந்தேகம் வருகிறது.