துட்டி வண்டி

நான் தடுமாறாமல் வேகமாக வாசிக்கப் பழகியதற்குக் காரணம் பள்ளிக்கூடம் அல்ல, ராஜபாளையத்துச் சுவர்களில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். அப்போது நான்காம் வகுப்பில் இருந்தேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இறந்தவர் பெயரையும் தெருவையும் வாசித்துச் சொல்லிவிட வேண்டும். மாமா ஓட்டுவார், நான் பக்கத்து சீட்டில் முட்டி போட்டு நின்று சுவர்களைப் பார்த்துக்கொண்டே வருவேன். எந்த மாமாவும் மருமகளுக்கு இப்படி ஒரு வேலையைக் கொடுத்திருக்க மாட்டார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணமான சில மாதங்களிலேயே குவைத்துக்குப் போய்விட்டவர். அங்கே ஒரு பெரிய ஓட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. எப்போதாவது லீவில் வருவார்; வந்த பெட்டியைப் பிரிப்பதற்குள் போகும் நாள் வந்துவிடும். அத்தை எங்களுக்கு அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். அந்த வருஷம் வந்தவர், "இனிப் போகலை, இங்கனதான்" என்றார். சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு இரண்டு பெரிய வாஷிங் மெஷின்களும், ஒரு டிரையரும், பழைய வெள்ளை வேன் ஒன்றும் வாங்கினார். போன் செய்தால் வீட்டுக்கே வந்து துணியை எடுத்துப்போய், துவைத்து, தேய்த்து, மடித்துத் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பதுதான் தொழில். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரும் தன் கைக்குள் என்று சொல்லிக்கொண்டார்.

நோட்டீஸ் வாசகத்தை அவரே எழுதினார்: 'உங்கள் அழுக்கு, எங்கள் பொறுப்பு!' அப்பா அதை வாசித்துவிட்டு, வீட்டுக்கு வீடு போய் நீ அழுக்காக இருக்கிறாய் என்று சொன்னால் எவன் போன் செய்வான் என்று கேட்டார். அப்பா சொன்னதுபோலவே யாரும் செய்யவில்லை.

பிறகு மாமா வீடு வீடாக ஏறி இறங்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் ஒட்டிக்கொள்வேன். எல்லா வீட்டிலும் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். குவைத்தில் வெயில் எப்படி என்று விசாரித்தார்கள். எங்கள் தெருவிலேயே இருந்த தெலுங்குக்கார அம்மா, தன் மகனுக்கு அங்கே ஒரு வேலை பார்த்துத் தர முடியுமா என்றுகூடக் கேட்டார். துணி மட்டும் யாரும் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. கொடியில் அவ்வளவு துணி தொங்குகிறதே, அதில் நாலைக் கொடுத்தால் என்ன?

ஒரு வீட்டில் மட்டும் மனம் விட்டுச் சொன்னார்கள். "எனக்குக் கை கால் நல்லாத்தான இருக்கு? துணிய வெளிய குடுத்தா, அவளுக்கு என்ன நோக்காடுன்னு தெருவே கேக்கும்" என்றார் அந்த வீட்டுப் பெண். வீட்டில் மெஷின் இருந்தாலும் சரி, கல்லில் அடித்தாலும் சரி, துணியை வெளியே கொடுப்பவள் ஒன்று நோயாளி, இல்லாவிட்டால் சோம்பேறி. குவைத்து ஓட்டலில் மாமாவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

கடைசியில் ஒருநாள் போன் வந்தது. மில்லுக்குப் பின்னால் ஒரு வீடு. அங்கே ஒரு பெரியவர் தவறிவிட்டார். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டைத் துட்டி வீடு என்பார்கள். துட்டி வீட்டில் அன்றைக்குப் புழங்கிய துணி, போர்வை, ஜமுக்காளம் எல்லாவற்றையும் வெளியேதான் வெளுக்க வேண்டும். முன்பெல்லாம் அதற்கென்று ஒருவர் வந்து எடுத்துப்போவாராம். அவர் பிள்ளைகள் படித்து ஆபீசர்கள் ஆகிவிட்டார்கள். வரச்சொல்லிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. வீட்டு மெஷினில் போடவும் மனசு ஒப்பவில்லை. அந்த நேரத்தில் யாருக்கோ மாமாவின் நோட்டீஸ் ஞாபகம் வந்திருக்கிறது.

அந்த வீட்டிலிருந்து இன்னொரு வீடு, அதிலிருந்து தளவாய்புரத்தில் ஒரு வீடு என்று போன்கள் வந்தன. மாமாவுக்குப் பிடி கிடைத்துவிட்டது. போனுக்குக் காத்திருக்காமல் போஸ்டர் பார்த்துப் போக ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு அந்த வாசிக்கும் வேலை வந்தது. புதுப் போஸ்டர் கண்ணில் பட்டதும், "மாமா, அந்தா இன்னொண்ணு!" என்று கைதட்டுவேன்.

"சத்தமாச் சொல்லாத ஏட்டி, யாராச்சும் கேட்டா அடிக்க வருவாவ" என்பார். சொல்லிக்கொண்டே வண்டியை மெதுவாக்குவார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு போய், கூட்டத்தின் கடைசியில் கைகட்டி நின்று, உண்மையாகவே கண்கலங்கிவிட்டுத் திரும்பி வருவார். வருகிற வழியில் யாரிடமாவது போன் நம்பரைக் கொடுத்திருப்பார். தெரியாதவர்களுக்காக மாமா எப்படி அழுகிறார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

தொழில் ஓடத் தொடங்கியது, கூடவே வினையும். எங்கள் வேன் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் சன்னல்கள் திறக்கும். யார் வீட்டில், யார் வீட்டில் என்று கேள்வி எழும். தெருப் பிள்ளைகள் 'துட்டி வண்டி' என்று பெயர் வைத்துக் கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள். பழைய வெள்ளை வேன் வேறு, பார்க்கவும் ஆஸ்பத்திரி வண்டி மாதிரிதான் இருக்கும்.

ஒருநாள் காலை டீ குடிப்பதற்காக மாமா ஒரு வீட்டு வாசலோரம் வண்டியை நிறுத்தினார். அந்த வீட்டில் ஒரு பெரியவர் படுக்கையில் கிடந்தது எங்களுக்குத் தெரியாது. வண்டியைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இருவர் வந்தார்கள். அழுகைச் சத்தம் கேட்டு, எழுந்திருக்கவே மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்த அந்தப் பெரியவர், சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏலே, நான் இன்னும் போகலைலே! வண்டிய எடுலே!"

மாமா டீயைக் கீழே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரியவரை எழுப்பி நடக்க வைத்ததற்கு மாமாவுக்கு அவர்கள் நன்றி அல்லவா சொல்ல வேண்டும் என்று கேட்டேன். மாமா சிரிக்கவில்லை. "சாவுக்குக் காத்துக்கிட்டுக் கெடக்கிற பொழப்பாப் போச்சே" என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வாரமே அப்பா, வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தாமல் தெருமுனையில் நிறுத்தச் சொன்னார். அத்தையை ஒரு சொந்தக்கார வீட்டு வளைகாப்புக்குக் கூப்பிடவில்லை. துட்டி வீடுகளும் தினமும் வருமா? சும்மா கிடக்கும் நாட்களே அதிகம். குவைத்திலிருந்து பழைய மேனேஜர் கூப்பிட்டார். இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். ஆடி முடியட்டும், சொல்கிறேன் என்றார் மாமா. அம்மா அத்தையிடம், போகச் சொல்லிவிடு, வேறு என்ன வழி என்றாள். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே உதறி மறுபடியும் மடித்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் முடிந்த மறுநாள் சனிக்கிழமை. காலையில் வண்டியில் ஏறப் போனால், என்னுடைய முன் சீட்டில் அத்தை உட்கார்ந்திருக்கிறாள். எப்போதும் நைட்டிக்கு மேல் ஒரு துண்டோடு இருப்பவள், அன்று கல்யாணத்து அரக்குப் பட்டைக் கட்டியிருந்தாள். தலை நிறைய மல்லிகை, நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமம். மாமா அவளைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பின்னால் காலிப் பைகளுக்கு நடுவில் தள்ளிவிட்டார்கள். ஆண்டாள் கோயிலுக்குப் போகிறோம், பால்கோவா உண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கோயில் பக்கமே போகவில்லை. வண்டி ஒரு தெருவுக்குள் நுழைந்தது. மாமாவை இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அத்தை மட்டும் இறங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஒரு வீட்டு வாசலில் நின்ற வயதான அம்மா ஒருவரிடம் அவள் தொழிலைப் பற்றிப் பேசவே இல்லை. தேர் பார்த்தீர்களா, கூட்டம் எப்படி என்று ஆரம்பித்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். தண்ணீர் குடித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்து, "எம்புட்டுப் பேரு வந்திருந்தாவ?" என்றாள்.

அவ்வளவுதான், அந்த அம்மா கொட்டித் தீர்த்துவிட்டார். மகாராஜபுரத்திலிருந்து நாத்தனார் குடும்பம், அவர்களோடு அவர்கள் சம்பந்திகள், மூன்று நாளாகக் கூடம் முழுக்கப் படுக்கை, மூலையில் மலைபோலப் போர்வையும் தலையணை உறையும்.

"வந்தவிய அழுக்க நீங்க எதுக்குக்கா துவைக்கணும்? உங்க சேலையவா கேக்கேன்? அவிய படுத்த போர்வையத்தான கேக்கேன்" என்றாள் அத்தை.

அந்த அம்மா யோசித்தார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். தன் துணியைக் கொடுத்தால்தானே சோம்பேறி. நாத்தனார் அழுக்கைக் கொடுப்பதில் என்ன கௌரவக் குறைச்சல்? ஆனால் வாசலுக்கு வந்து வேனைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இரண்டு ஊருக்கும் இடையில் ஓடுகிற பஸ்களில் எங்கள் பெயரும் ஏறி வந்திருந்தது.

"இது அந்த ராஜபாளையத்துத் துட்டி வண்டில்ல?"

"துட்டி வண்டின்னா நான் பட்டுக் கட்டிப் பூ வச்சு முன் சீட்டுல வருவேனாக்கா? அதுவும் எங்க வீட்டுக்காரவிய ஓட்ட!"

அந்த அம்மா அத்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வீட்டுக்காரரையும் எட்டிப் பார்த்தார். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். போர்வைகள் வந்தன. அடுத்த வீட்டிலும் விருந்தாளிகள்தான், அதற்கு அடுத்த வீட்டிலும் விருந்தாளிகள்தான். எதிரே சுமங்கலி வந்தால் நல்ல சகுனம் என்பது அந்தத் தெருவுக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். நான், அவள் ஊர் சுற்றும் ஆசையில் சிங்காரித்துக்கொண்டு வந்தவள் என்றே நினைத்திருந்தேன். மத்தியானத்துக்குள் வண்டியில் எனக்கு உட்கார இடமில்லை. அழுக்குப் போர்வைகளின் மேல் படுத்துக்கொண்டு வந்தேன்.

ராஜபாளையம் வரும் வழியில் மாமா வண்டியை ஒரு புளிய மரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கினார். போனை எடுத்துத் தானாகவே கூப்பிட்டார். மேனேஜர் மலையாளி, அவரிடம் மாமா பாதி மலையாளத்தில்தான் பேசுவார். "இல்ல சாரே, ஞான் இனி வரில்ல" என்றது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுவிட்டு, மறுபடியும் அதையே சொன்னார்.

எனக்குத் துக்கம் பொத்துக்கொண்டு வந்தது. குவைத் என்றால் எனக்குத் தங்கத் தாள் சுற்றிய சாக்லேட். அதற்குள் முழுப் பருப்பு ஒன்று இருக்கும். மாமா போகாவிட்டால் லீவுக்கு எப்படி வருவார், வராவிட்டால் சாக்லேட் எப்படி வரும்? போர்வைகளின் மேல் கிடந்து விம்மினேன்.

நிமிர்ந்து பார்த்தால் முன் சீட்டில் அத்தையும் அழுதுகொண்டிருக்கிறாள். பட்டு முந்தானையை வாயில் அழுத்தியிருந்தாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. நான் போர்வைகளின் மேல் தவழ்ந்துபோய்ப் பின்னாலிருந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதீய அத்தை. இங்க கடைலயும் விக்காவளாம். அப்பாட்ட சொல்லி உங்களுக்கும் சேத்து வாங்கித் தாரேன்" என்றேன்.

அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுதாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காகத்தான் அழுதோம் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.