வெள்ளைத் துணியில் கட்டிய கீரை

பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக் குறுக்கு ஒடிந்த பிறகு சின்னத்தாய் பிடித்த தொழில் பொன்னாங்கண்ணி. ஊருக்கு வெளியே ஒரு குட்டை. அதன் ஓரத்தில் படர்ந்து கிடப்பதை விடியும் முன்னே அறுத்து, மண்ணரைப் பகுதி லைன் வீடுகளில் விற்பாள். எட்டு வருடம் ஆகிறது. செக்கிங் வேலைக்குப் போகும் பெண்கள் கண்ணுக்கு நல்லதென்று அடித்துப் பிடித்து வாங்குவார்கள். கட்டுவதற்கு நாரைத் தேடி அலைவானேன்? திருப்பூரில் வேஸ்ட் துணிக்கா பஞ்சம்? கிடைத்த நிறத்தில் கிழித்துக் கட்டுவாள். அன்றைக்குக் கிடைத்தது வெள்ளை.

ஏழு கட்டு விற்றாயிற்று. எட்டாவது அவள் வீட்டுக்கு. அதை வெளியே எடுத்தாள். ஈரத்தோடு கட்டிய வெள்ளைத் துணி ரோஸ் நிறமாகியிருந்தது. குழாயில் கசக்கிப் பார்த்தாள். போகவில்லை. எந்தப் பாவியோ குட்டையில் சாயத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறான், அவன் கை விளங்காமல் போக!

மணி ஏழேகால். எட்டுக்குள் எல்லோரும் டிபன் பாக்ஸ் கட்டிவிடுவார்கள். குறுக்குவலியாவது ஒன்றாவது! ஓடினாள். நான்கு வீட்டில் கட்டே பிரிக்கவில்லை. ஒருத்தி அரிந்து வைத்திருந்தாள். அதையும் மடியில் வாரிக்கொண்டாள். ஒருத்தி வாணலியோடு சாக்கடையில் கொட்டிவிட்டு, வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசட்டும். ஆறு கட்டு ஆயிற்று. ஏழாவது நதியா வீடு. அவளுக்கு இரண்டு வயதில் பெண் குழந்தை.

நதியா பருப்பும் கீரையும் மசித்த சோற்றை உருட்டிக் குழந்தையின் வாயருகே கொண்டுபோயிருந்தாள். சின்னத்தாய் பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள்.

"குடுக்காத தாயி. சாயத் தண்ணிக் கீரை."

"இன்னும் ஒரு வாய் கூட வெக்கலீங்க்கா" என்றாள் நதியா. சின்னத்தாய் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

நதியா தன் கட்டிலிருந்து அவிழ்த்துப் போட்டிருந்த ரோஸ் துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். செக்கிங்கில் நாள் முழுக்கத் துணியில் கறை தேடுகிற கண் அல்லவா? வெகுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, முந்தாநேத்து நீலத் துணியில கட்டியிருந்தீங்க. அதுக்கு முன்னால செகப்பு. அன்னைக்கெல்லாம் சாயம் இருந்திருந்தா எப்பிடீங்க தெரிஞ்சிருக்கும்?"

இன்றைக்கு மட்டும்தான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. குழந்தை கீழே சிந்திய பருக்கையை எடுக்கக் குனிந்தது. சின்னத்தாய் அதன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாது தாயி. எட்டு வருசமா எங்க வீட்டுலயும் இதத்தான் தின்னோம்."