நபத்தேயர் கல்லும் எந் தண்ணியும்

ஏண்டி, கழுவாத மீனு அப்பிடியே கெடக்கு, ஒனக்கு இப்பத்தான் அந்தக் கல்லுக் கதை வேணுமாக்கும்? தெரிஞ்சு என்ன பண்ணப் போற? சரி சரி, மொகத்தத் தூக்காத. செதிளத் தேய்ச்சுக்கிட்டே கேளு.

வெள்ளக்காரன் போயி ரெண்டு மூணு வருசம் இருக்கும். பாம்பன்ல குடிதண்ணிக்கு நாங்க கடக்கரை மணல்லதான் ஊத்துத் தோண்டுவோம். சிரட்டையால மோந்து கொடம் நெறையிறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிரும். அதுவும் பாதி உப்பு. எனக்கு மட்டும் ஒரு எடத்துல எளநி கணக்கா ஊத்து கெடச்சுச்சு. வெளிய சொல்லுவனா? பலகைக் கல்லப் போட்டு மூடி, மண்ணத் தள்ளிட்டேன். அடையாளத்துக்கு மீன் கத்தியால கல்லுமேல கொக்கி கொக்கியா நாலு கீறல். ஊரு தின்னுட்டுக் கண்ணசர்ற உச்சி வெயில்ல போயி மோந்துக்கிருவேன்.

ஒரு நா, பழைய எழுத்துத் தேடிக்கிட்டு மதுரப் பக்கமிருந்து ஒரு வாத்தியாரு வந்தாரு. காத்து மண்ண அள்ளிட்டுப் போயிருந்துச்சு. கீறலப் பாத்ததும் மனுசனுக்குக் கண்ணுல தண்ணி. "நபத்தேயர் எழுத்தும்மா இது!"

"அது யாருய்யா, அக்கரையில மண்டபம் ஊரு ஆளுகளா?"

"இல்லம்மா. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி அரபு நாட்டுப் பாலைவனத்துல இருந்தவங்க. ஒட்டகத்துல சாம்பிராணி ஏத்தி யாவாரம் பண்ணுனவங்க. பேசுறது ஒரு பாசை, எழுதுறது வேற பாசை."

நாம மட்டும் என்னவாம், மனு எழுதுறப்ப ஒரு தமிழு, மீன் விக்கிறப்ப ஒரு தமிழுன்னு நெனச்சேன்.

"சமாதியில, தொட்டா சாபம்னு எழுதி வைப்பாங்க. மழத்தண்ணிய பூமிக்குள்ள ஒளிச்சு, வாய மூடி, தங்களுக்கு மட்டும் தெரியிற அடையாளம் போட்டுருவாங்க. எதிரி தாகத்துலயே திரும்பிப் போவான்."

எம் பொழப்ப இவருகிட்ட எவ சொன்னா? அதுக்குள்ள, "நாலு ஆளக் கூப்புடுங்க, கல்லத் தூக்கணும்"ங்குறாரு. தெருவே கொடத்தோட எட்டத்துல நிக்குது. தூக்குனா என் தண்ணி போச்சு.

கிட்டப் போயிக் காதோட சொன்னேன். "அய்யா, கோவிச்சுக்கிறாதீக. அது நாங் கீறுனது." நம்பல. கால் பெருவெரலால மணல்ல அதே கொக்கியப் போட்டுக் காமிச்சேன். மனுசன் மொகம் கருவாடாச் சுருங்கிருச்சு. "எதுக்கும்மா கீறுன?"

பாவமா இருந்துச்சு. வீட்டுக்குக் கூப்புட்டு அந்த ஊத்துத் தண்ணி ஒரு செம்பு குடுத்தேன். குடிச்சாரு. செம்பப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு. சிரிச்ச சிரிப்புல பொறையேறிருச்சு. "அவுக வம்சம் இன்னும் அத்துப் போகலம்மா"ன்னாரு. போற வழியில, கல்லுமேல செருப்பாலயே மண்ணத் தள்ளிட்டுப் போனாரு மகராசன்.

அவரு தல மறைஞ்சதும் எல்லாவளும் வந்து மொச்சுக்கிட்டாளுக. "என்னடி சொன்னாரு?"

"நபத்தேயர் சமாதியாம்டி. தொட்டவ வீட்டுல ஒல கொதிக்காதாம். கல்லுல அப்பிடித்தான் எழுதியிருக்காம். நானே எழுத்துக்கூட்டிப் பாத்தேன்"னேன்.