யூஜின் கையில் புடைத்த நரம்பு

பீன்யா தொழிற்பேட்டையில் உலை வேலை பார்க்கும் யூஜினுக்குக் கை நரம்புகளைப் பார்த்தாலே பயம். வேலை நாளில் பச்சைக் கயிறு போலப் புடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலைக் குளிரில், மாதா கோயிலில் பூசைக்கு உட்கார்ந்தால் அடங்கிவிடும். மாதாவின் இரக்கம்தான் என்று ஆறு ஞாயிறு மெழுகுவர்த்தி ஏற்றினார். திங்கட்கிழமையானால் பழைய கதைதான்.

மனைவி மௌரீன் பொறுமையிழந்து டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா சிரித்தார். "ஒண்ணும் இல்லீங்க. உங்க உடம்புல கொழுப்பு கம்மி, அதனால ரத்தக்குழாய் வெளிய தெரியுது. உலைச் சூட்டுல விரியும், குளிர்ல சுருங்கிடும்."

யூஜினுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. வாசலுக்கு வந்ததும் கோபமும் வந்தது.

"அப்ப ஆறு வாரம் நான் ஏத்துனதெல்லாம் வேஸ்ட்டா?"

"ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்கல்ல? அதுக்கு ஏழாவது ஏத்தலாம், வாங்க" என்றாள் மௌரீன்.