முதல் வாரத்தில் எரிந்த மூன்றாம் மெழுகுவர்த்தி

அப்பாவுக்கு அறுபத்தோரு வயது. ஆனாலும் எல்லோருக்கும் அவர் இன்னும் 'பிள்ளை'தான். கோயில்பிள்ளை. ஆலயத்தைத் திறப்பது, மணி அடிப்பது, பலிபீடத் துணிகளைத் துவைத்து மடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. இடுப்பில் சாவிக்கொத்து தொங்குவதால் ஒரு பக்கம் சாய்ந்தே நடப்பார். "உங்க அப்பா தூக்கத்துல புரண்டு படுத்தாக்கூட சாவிச் சத்தம் கேக்குது" என்பாள் அம்மா.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். நான் பட்டம் வாங்கி வந்த அன்று சான்றிதழை வெறும் கையால் தொடவில்லை. தோள்துண்டால் பிடித்துப் பார்த்தார். பலிபீடப் பாத்திரங்களை அப்படித்தான் தூக்குவார்.

திருவருகைக் காலம் வந்தால் அவர் பேச்சு குறைந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த நான்கு வாரமும் ஆலயத்தைக் கழுவித் துடைப்பதே அவருக்கு ஜெபம். "வீட்டுக்கு ஆள் வருதுன்னா பெருக்குறோம்ல? அதுதான்." பலிபீடத்தில் பச்சைத் துணி இறங்கி ஊதாத் துணி ஏறும். இலை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் நிற்கும்: மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. வாரத்துக்கு ஒன்றாக ஏற்ற வேண்டும். இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிற்றுக்கு உரியது, மகிழ்ச்சியின் நிறம். வாசலைப் பார்த்து நிற்பது முதல் வாரத்துடையது என்று அப்பாவின் கைக்கு ஒரு கணக்கு உண்டு.

இந்த ஆண்டு முதல் ஞாயிற்றுக்கு முந்தைய மாலை, "அந்த நாலையும் நீ வச்சிடும்மா. கலர் பாத்து வை" என்றார். இருபத்தாறு வருடங்களில் அந்த வளையத்தை அவர் யாரையும் தொட விட்டதில்லை. இப்போது ஏன் என்று நான் கேட்கவில்லை. வேலைக்கான நேர்முகத் தேர்வின் முடிவு வருமென்று ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, மறு கையால் நான்கையும் செருகினேன்.

மறுநாள் திருப்பலித் தொடக்கத்தில் அப்பா வாசல் பக்கத்து மெழுகுவர்த்தியை ஏற்றினார். அது இளஞ்சிவப்பு. பாடகர் குழுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பங்குச்சாமியார் குனிந்து காதில் ஏதோ சொல்ல, அப்பா அதை ஊதி அணைத்துவிட்டு, தடவிப் பார்த்துப் பக்கத்தில் இருந்ததை ஏற்றினார்.

வெளியே வந்ததும், ஆலய நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலாளர் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அவர். "என்ன பிள்ளை, மூணுக்கு அப்புறம்தான் ஒண்ணா? உங்க கணக்குல கிறிஸ்துமஸ் எப்ப வரும், ஈஸ்டர் முடிஞ்சா?"

"தப்புதான் சார். என் தப்புதான்" என்றார் அப்பா.

இரண்டடி தள்ளி நான் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் குடைக்கம்பியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அந்த வாரமே பேச்சு பரவிவிட்டது. கோயில்பிள்ளைக்குக் கண் போய்விட்டது, வேறு ஆள் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாம் ஞாயிறு பேரவை கூடி முடிவெடுக்கும். வீட்டில் அம்மா கொதித்தாள். "ஒரு மெழுகுவர்த்தி போதுமா இருபத்தாறு வருஷத்தை அழிக்க? நீங்களும் வாயில்லாப் பூச்சி மாதிரி நின்னுட்டு வந்திருக்கீங்க!"

"பூச்சிக்கும் வாய் உண்டுடி. சாப்பாடு போடு."

மாற்றி வைத்தது நான்தான் என்று அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் காத்திருந்த வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர் அந்தச் செயலாளர். 'பொறுப்பான பெண்' என்று எழுதியிருந்தார்.

இரண்டாம் வார வெள்ளிக்கிழமை, திருவருகைக் காலத் தயாரிப்புக்காகப் பங்குச்சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டார்; ஒவ்வொருவரும் தம் பாவத்தை அவரிடம் தனியே அறிக்கையிட வேண்டும். வரிசையில் நின்று, முழந்தாளிட்டு, அவரை மறைக்கும் மரவலைத் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன். "மெழுகுவர்த்தியை மாத்தி வச்சது நான், ஃபாதர். பழி அப்பா மேல விழுந்துடுச்சு." சொன்னதும் நெஞ்சு லேசானது.

அந்தப் பக்கமிருந்து பங்குச்சாமியார், "இதை ஏம்மா இங்க வந்து சொல்றே?" என்றார்.

"பாவம்தானே, ஃபாதர்."

"பாவம்தான். ஆனா இங்க கேட்டதை நான் வெளிய மூச்சுவிட முடியாது. கூட்டத்துல உங்க அப்பாவுக்காக இதை வச்சு ஒரு வார்த்தை பேச முடியாது. உனக்குத் தெரியும்தானே?"

தெரியும். எட்டு வயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தது. அப்பாவுக்குத் துளியும் உதவாத ஓர் இடமாகப் பார்த்து உண்மையைச் சொல்லியிருக்கிறேன்.

"மன்னிப்பு உனக்கு உண்டு. மத்ததை வெளிய சொல்றதும் விடுறதும் நீ முடிவு பண்ண வேண்டியது."

மூன்றாம் ஞாயிறு இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி அதன் முறைக்கு எரிந்தது, ஏற்கெனவே கருகிய திரியோடு. திருப்பலிக்குப் பின் கூட்டம் நடந்த கூடத்துக்குள் நுழைந்தேன். அப்பா கடைசி நாற்காலியில் சாவிக்கொத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"மாத்தி வச்சது நான். அப்பா பழக்கத்துல ஏத்திட்டார். அவர் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

பங்குச்சாமியார் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "ரெண்டு வாரமா நாக்கு லீவுல இருந்துச்சா? உன்னைப்போயி பொறுப்பான பொண்ணுன்னு எழுதிக்கொடுத்தேன் பாரு!"

கூடம் சிரித்தது. என் காது சுட்டது. ஆனால் அப்பாவே தொடரட்டும் என்று முடிவானது.

வெளியே குழாயடியில் அப்பா முகம் கழுவினார். "எதுக்கும்மா அப்படிச் சொன்னே?"

"உண்மையைத்தானேப்பா சொன்னேன்."

"முதல் பாதிதான் உண்மை." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஆறு மாசமா ஊதாவும் ரோஸும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. இல்லன்னா உன்னை ஏன் வைக்கச் சொல்றேன்? கலர் பாத்து வைன்னு சொன்னேனேம்மா."

சொன்னார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்தும் பார்க்காதவள், அவர் கண் நன்றாக இருப்பதாக ஒரு கூடத்தையே நம்பவைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"சாமிகிட்ட சொல்லிடணும்" என்றார் அப்பா. "வர்ற வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடுறேன்."

"அங்க வேண்டாம்ப்பா. அங்க சொன்னா வெளிய வராது."

என்னை உற்றுப் பார்த்தார். அந்த வாரங்களில் முதல் தடவையாகச் சிரித்தார். "அனுபவமா?"

தலையாட்டினேன். கூடத்தில் இன்னும் நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது. இருவரும் கூடத்தை நோக்கித் திரும்பி நடந்தோம். படிக்கட்டு வந்ததும் அவர் கை என் தோளைத் தேடிப் பிடித்தது. இத்தனை மாதமும் எதைப் பிடித்து ஏறினாரோ.