ரேஷன் கடையில் விழாத ரேகை

விசா வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்கிறவர்கள் இதைப் படியுங்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடைசியில் ஊர் பேர் தெரியாத ஏர்போர்ட்டில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, இனி காஞ்சிபுரத்தைக் கண்ணால் பார்ப்பேனா என்று அழுதேன்.

என் வேலை பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. பழைய பாவு முடியும்போது, அந்த நுனிகளோடு புதுப் பாவை இழை இழையாக விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். பட்டு வழுக்கும். அதனால் அடுப்புச் சாம்பலை விரலில் தொட்டுக்கொள்வோம். கல்யாணமான நாளிலிருந்து இதே வேலை.

வெளிநாட்டில் ஒரு கைத்தறிக் கண்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். நெய்து காட்ட ஏகாம்பரம், பாவு பிணைத்துக் காட்ட நான். ஏகாம்பரம் பக்கத்து வீட்டுத் தறிக்காரன், எனக்குத் தம்பி மாதிரி. கை சுத்தம், வாய்தான் அடங்காது.

1. கோயில் கவர்

கிளம்புகிற அன்று காலைகூட ஒரு தறிக்குப் பிணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வேன் ஏறினேன். அந்த ஊரில் விறகடுப்புக்கு எங்கே போவது? சாம்பலைச் சலித்துப் பொட்டலம் கட்டிக் கைப்பையில் வைத்தேன். ஏகாம்பரம் பார்த்துவிட்டான்.

"இன்னாக்கா, வெறும் கவர்ல எட்துக்கினு வர்ற? ஏர்போர்ட்ல கேப்பான். இந்தா, கோயில் விபூதி கவரு, இதுல போடு. சாமி சமாச்சாரம்னா எவனும் கை வைக்கமாட்டான்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நம் ஊரில் விபூதிப் பொட்டலத்தை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? சென்னையிலும் யாரும் கேட்கவில்லை.

2. கண்ணாடி அறை

அங்கே இறங்கியதும் மெஷினில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். ஏகாம்பரம் வைத்தான், பச்சை விளக்கு எரிந்தது, அந்தப் பக்கம் போய்விட்டான். நான் வைத்தேன், சிவப்பு. துடைத்து வைத்தேன், சிவப்பு. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தும் அதே சிவப்புதான்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ரேஷன் கடைக்காரர் மாதாமாதம் கத்துவார்: "ஏம்மா, உன் விரல்ல ரேகையே இல்ல, வூட்டுக்காரர அனுப்பு!" என் வீட்டுக்காரர் போவார், அரிசி வந்துவிடும். ரேஷன் கடையில் விழாத ரேகை வெளிநாட்டில் மட்டும் விழுமா? இந்த மரமண்டைக்கு அது தோன்றவே இல்லை.

அறைக்குள் கூட்டிப் போனார்கள். எங்கே தங்குகிறாய் என்று சைகையில் கேட்டார்கள். விலாசம் ஏகாம்பரத்தின் போனில் இருந்தது. என் போனில் ரோமிங் போடவில்லை. கைப்பையைக் கொட்டினார்கள். விபூதிக் கவர் மேஜையில் விழுந்ததும் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டார்.

தமிழ் தெரிந்த ஒரு பெண் அதிகாரி வந்தார்.

"இது என்னம்மா?"

"சாம்பல்மா. வேலைக்கு."

அவர் வெளியே போய் ஏகாம்பரத்தையும் கேட்டுவிட்டுத் திரும்பினார். முகம் மாறியிருந்தது.

"உங்க கூட வந்தவர் கோயில் பிரசாதம்னு சொல்றார். நீங்க சாம்பல்னு சொல்றீங்க. எதை நம்புறது?"

அந்த ஊரில் போதைத் தூளோடு மாட்டினால் உயிரே போகும் என்று வேன் டிரைவர் சொல்லியிருந்தார். ரேகையும் இல்லை, கவரும் பொய், இரண்டு பேர் சொல்வதும் இரண்டு விதம். அந்த அதிகாரி இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

"கவரு பொய்தாம்மா. உள்ள இருக்குது எங்க வூட்டு அடுப்புச் சாம்பல். நீங்களே சோதிச்சுப் பாருங்க. அதத் தொட்டுத் தொட்டுதான் இந்த விரலும் தேஞ்சு போச்சு," என்று இரண்டு கையையும் நீட்டினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார். ஏகாம்பரத்தை என் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவன் காதோரம் முணுமுணுத்தான்: "நீயும் பிரசாதம்னே சொல்லிருக்கலாமில்லக்கா?"

"வாய மூட்றா! இன்னொரு பொய் சொன்னே, அவங்க வேணாம், நானே உன்னக் கொன்னுடுவேன்!"

கதவு திறக்கும்போதெல்லாம் காலிக் கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு இறுக்கிக்கொண்டேன்.

கடைசியில் அந்த அம்மா சிரித்த முகத்தோடு வந்தார். வெறும் சாம்பல்தான். அதைக் குப்பையில் போட்டார்கள். கண்காட்சிக்காரர்களிடம் போனில் பேசி, போட்டோ எடுத்து, ரேகை இல்லாமலே உள்ளே விட்டார்கள். கொட்டிக் கிடந்த சாமான்களை ஏகாம்பரம்தான் பொறுக்கி என் கைப்பையில் போட்டான்.

3. பவுடர் டப்பா

கண்காட்சியில் சாம்பல் இல்லாமல் இழை வழுக்கியது. ஏகாம்பரம் முகத்துக்குப் போடும் பவுடரை நீட்டினான். தொட்டு முறுக்கினேன், அருமையாகப் பிடித்தது. அடப்பாவி, இந்த டப்பா இருக்கும்போதா நான் அந்தப் பாடு பட்டேன்!

வெளிநாடு போகிற நம் தொழில்காரர்களுக்குச் சொல்கிறேன். கொஞ்ச நாள் முன்பே பிணைப்பதை நிறுத்தி, விரலுக்கு எண்ணெய் தடவுங்கள். ரேஷன் கடையில் ரேகை விழுகிறதா என்று பாருங்கள், விழாவிட்டால் அழைத்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தங்கும் விலாசம் தாளில் எழுதி உங்கள் பையிலேயே இருக்கட்டும். பெயர் சொல்லமுடியாத தூள் எதையும் எடுத்துப் போகாதீர்கள். சாமி பேரில் ஒளித்து எடுத்துப் போகவே போகாதீர்கள். நம் தெருவில் நம்மைத் தெரியும், அதனால் நம்புகிறார்கள். அங்கே நம்மை யாருக்குத் தெரியும்?

போன வாரமும் ரேஷன் கடை மெஷினில் சிவப்பு எரிந்தது. "வூட்டுக்காரர அனுப்பும்மா" என்றார் கடைக்காரர். தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். பாதி வழியில்தான் கவனித்தேன், அந்தக் கண்ணாடி அறையில் கைப்பையைப் பிடித்திருந்த மாதிரியே, காலி அரிசிப் பையை இரண்டு கையாலும் மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தேன்.